பேண்ட் சா பிளேடு ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது? பிளேடு மாற்றுவதும் டென்ஷன் வைப்பதும்

கேள்வி இது: 14 இன்ச் வீல் கொண்ட மரம் அறுக்கும் பேண்ட் சா, அரை இன்ச் பிளேடு. புதுப் பிளேடு மாட்டினால் இரண்டு நாள் நேராக அறுக்கிறது. பிறகு வெட்டு ஒரே பக்கமாகச் சாய்கிறது. டென்ஷன் ஏற்றினால் கொஞ்சம் சரியாகிறது, ஆனால் சீக்கிரமே பிளேடு அறுந்துவிடுகிறது. இப்படி மூன்று பிளேடு போயாயிற்று. டென்ஷன் சரியாக எவ்வளவு வைக்க வேண்டும்? ஹேக்ஸாவுக்கும் சர்க்குலர் சாவுக்கும் இதே கணக்குதானா?

பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. முதல் இரண்டு நாள் நேராக அறுத்தது என்றால் அன்றைக்கு வைத்த டென்ஷன் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் மாறியது டென்ஷன் அல்ல, பல். அதுவும் இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்திருக்கும் பற்களில் ஒரு பக்கத்துப் பல் மட்டும். பிளேடு எப்போதும் கூர் மிச்சமிருக்கும் பக்கத்துக்கே இழுக்கும். மழுங்கிய பல்லைச் சரிக்கட்ட டென்ஷன் ஸ்க்ரூவை முறுக்கும்போது, வேறு எங்கோ இருக்கும் கோளாறுக்கான தண்டனையைப் பிளேடின் உடம்பு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அறுகிறது.

அறுந்த பிளேடு இன்னும் கைவசம் இருந்தால் அதை முதலில் பாருங்கள். முறிவு எங்கே தொடங்கியது என்பதே பெரிய தகவல். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தொடங்கி நேர்கோடாகக் குறுக்கே ஓடியிருந்தால் அது உலோகச் சோர்வு. டென்ஷன் அளவுக்கு மீறியது, அல்லது வீலுக்குப் பொருந்தாத தடிமனான பிளேடு, அல்லது இரண்டும். முதுகுப் பக்கத்திலிருந்து விரிசல் வந்திருந்தால் பின்னால் தாங்கும் பேரிங் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது மரத்தை மிக வேகமாகத் தள்ளுகிறீர்கள். ஜாயின்ட்டிலேயே கண்ணாடி போல உடைந்திருந்தால், வெல்டிங் செய்தபின் அந்த இடத்தின் பதம் சரியாக இறக்கப்படவில்லை. அது பிளேடு செய்தவரின் தவறு, உங்களுடையது அல்ல. உடைந்த துண்டை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால், பல்லின் ஒரு பக்க நுனிகள் மட்டும் தட்டையாகப் பளபளக்கின்றனவா என்பதும் தெரியும். அப்படி இருந்தால், பிளேடு விலகாமல் இரு பக்கமும் தாங்கும் பக்கவாட்டுக் கைடு பல்லை உரசியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். மரத்துக்குள் ஓர் ஆணி இருந்தாலும் ஒரு பக்கப் பல் போகும், ஆனால் மூன்று பிளேடுக்கும் ஒரே பக்கம் போகாது.

டென்ஷன் எண்ணைச் சொல்வதற்கு முன் தடிமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிளேடை அதிகம் வாட்டுவது டென்ஷன் அல்ல, வளைவு. நேரான எஃகுப் பட்டை வீலின் மேல் வளையும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. வெளிப்புறத்தில் வரும் இழுவிசையைச் சுலபமாகக் கணக்கிடலாம்: 20,000-ஐப் பிளேடின் தடிமனால் பெருக்கி வீலின் விட்டத்தால் வகுத்தால், சதுர மி.மீ.க்கு எத்தனை கிலோ என்று வரும். 20,000 என்பது எஃகின் மீள்தன்மை எண். 355 மி.மீ. வீலில் 0.5 மி.மீ. பிளேடுக்கு 28 கிலோ, 0.6-க்கு 34, 0.8-க்கு 45. இதற்கு மேல்தான் நீங்கள் வைக்கும் டென்ஷன் 10 முதல் 14 கிலோ வந்து சேர்கிறது. 0.6-ஐ விட்டு 0.8 பிளேடு மாட்டினால், ஸ்க்ரூவை அரைச் சுற்றுகூடத் திருப்பாமல் 11 கிலோ கூடிவிடுகிறது.

இந்த வளைவு ஒருமுறை வந்து போவதும் அல்ல. பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் ஓடுகிறது, நீளம் 2.4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 375 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீல், இரண்டு வளைவு. ஒரு மணி நேரத்தில் 45,000 தடவை வளைந்து நிமிர்கிறது. கம்பியைக் கையால் முன்னும் பின்னும் மடக்கி உடைப்பதற்கும் இதற்கும் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். தடிமனான பிளேடு உறுதியானது, அதிக நாள் உழைக்கும் என்று நம்பி வாங்குவது சிறிய வீல் மெஷினில் தலைகீழாக முடிகிறது. 14 இன்ச் வீலுக்கு 0.5 முதல் 0.6 வரை போதும். 0.8, 0.9 எல்லாம் பெரிய வீலுக்கானவை.

இனி டென்ஷன். சாதாரண கார்பன் எஃகுப் பிளேடுக்குச் சதுர மி.மீ.க்கு 10 முதல் 14 கிலோ. இரும்பு அறுக்கும் பைமெட்டல் பிளேடுக்கு (பல் ஒரு வகை எஃகு, உடம்பு வேறு வகை எஃகு) 17 முதல் 20 கிலோ. உங்கள் அரை இன்ச் பிளேடு 12.5 மி.மீ. அகலம், 0.6 தடிமன் என்றால் குறுக்குப் பரப்பு 7.5 சதுர மி.மீ. 10 கிலோ கணக்கில் பிளேடின் ஒரு பக்க ஓட்டத்தில் 75 கிலோ இழுவிசை. மேல் வீலை இரண்டு பக்கமும் இழுப்பதால் அதன் தண்டு தாங்குவது 150 கிலோ. இதே மெஷினில் 19 மி.மீ. அகலம், 0.8 தடிமன் உள்ள பிளேடு போட்டால் அது 300 கிலோவைத் தாண்டும். மெஷினோடு வரும் தாளில் ‘19 மி.மீ. வரை பொருத்தலாம்’ என்று இருக்கும். பொருத்தலாம் என்பது உண்மை, உரிய டென்ஷனுக்குக் கொண்டுபோகலாம் என்பது வேறு விஷயம். சிறிய வார்ப்பு ஃப்ரேம் அதற்கு முன்பே வளையத் தொடங்கும். இந்த அளவு மெஷினில் 12.5 மி.மீ. பிளேடைச் சரியான இழுப்பில் ஓட்டுவது, 19 மி.மீ. பிளேடைத் தொய்வாக ஓட்டுவதைவிட நேராக அறுக்கும்.

மெஷினில் இருக்கும் டென்ஷன் அளவுகோலை நம்பாதீர்கள். அது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதை மட்டும் காட்டுகிறது. பிளேடின் தடிமன் அதற்குத் தெரியாது, ஸ்பிரிங் பழசானதும் தெரியாது. விரலால் தள்ளிப் பார்ப்பது பரவலான வழி: மேல் கைடை டேபிளிலிருந்து 150 மி.மீ. உயர்த்தி, நடுவில் பக்கவாட்டாக அழுத்தினால் 6 மி.மீ. அளவுக்கு நகர வேண்டும் என்பார்கள். ஆளுக்கு ஆள் விரல் பலம் மாறும் என்பதால் இது தோராயம்தான். தட்டி ஒலி கேட்பதும் அப்படியே. அனுபவப்பட்ட காதுக்கு உதவும், புதியவருக்கு உதவாது.

உறுதியான வழி, பிளேடு நீள்வதை அளப்பது. ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரும் இரண்டு சிறிய கிளாம்ப்பும் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு தொய்வு நீங்கி நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் டென்ஷன் ஏற்றுங்கள். டேபிள் வழியாகப் போகாத பக்கத்து ஓட்டத்தில், காலிப்பரின் இரண்டு தாடைகளும் 200 மி.மீ. இடைவெளியில் பிளேடைத் தொடும்படி வைத்து, ஒவ்வொரு தாடையையும் பிளேடோடு சேர்த்து கிளாம்ப் போடுங்கள். காலிப்பரின் பூட்டு ஸ்க்ரூ தளர்ந்திருக்க வேண்டும், அது தாராளமாக வழுக்க வேண்டும். திரையைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது டென்ஷன் ஏற்ற ஏற்ற எண் மெல்ல நகரும்: 0.02, 0.05, 0.08. 200 மி.மீ.க்கு 0.10 மி.மீ. நீண்டால் சதுர மி.மீ.க்கு 10 கிலோ. 0.14 என்றால் 14 கிலோ. பைமெட்டலுக்கு 0.17 முதல் 0.20 வரை. எந்த அகலம், எந்தத் தடிமன் ஆனாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் எஃகு எந்த இழுவிசைக்கு எவ்வளவு நீளும் என்பது நிலையானது. எட்டியதும் கிளாம்ப்புகளையும் காலிப்பரையும் கழற்றிவிட்டுத்தான் வீலைக் கையால் திருப்ப வேண்டும். அந்த நிலையில் ஸ்க்ரூ எத்தனை சுற்று வந்தது, அளவுகோல் முள் எங்கே நிற்கிறது என்று மெஷின் கதவின் உள்பக்கம் மார்க்கரால் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே வகைப் பிளேடுக்கு அந்தக் குறியே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு சொல். அதன் வேலை டென்ஷனைக் காட்டுவதல்ல, டென்ஷனைக் காப்பது. அறுக்கும்போது பிளேடு சூடாகி நீளும். 20 டிகிரி சூடு ஏறினால் 2.4 மீட்டர் பிளேடு அரை மி.மீ.க்குச் சற்று மேல் நீள்கிறது. ஸ்பிரிங் உயிரோடு இருந்தால் அது மேல் வீலைக் கொஞ்சம் தூக்கி அதை ஈடுகட்டிவிடும். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி முழுக்க மூடியிருந்தால் வீல் அசையாது, அந்த 20 டிகிரிக்குச் சதுர மி.மீ.க்கு நாலரை கிலோ வரை டென்ஷன் கரையலாம். வைத்தது பத்து, ஓடும்போது இருப்பது அதில் ஏறக்குறைய பாதி. ‘காலையில் நேராக அறுக்கிறது, மத்தியானம் வளைகிறது’ என்ற புகாருக்குப் பல சமயம் காரணம் இதுதான். எனவே 10 கிலோ எட்டும்போது ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். மலிவான வேலை, பலன் பெரிது.

இப்போது மாற்றும் முறை. வரிசை முக்கியம்: முதலில் கைடுகளை விலக்குவது, பிறகு டென்ஷன், பிறகு டிராக்கிங் (பிளேடு வீலின் நடுவில் ஓடும்படி சரிசெய்வது), கடைசியாகக் கைடுகளைக் கிட்டே கொண்டுவருவது. இதை மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். டேபிள் பிளவின் முனையில் இருக்கும் பின்னையும் நடுவில் இருக்கும் வட்டத் தட்டையும் எடுங்கள். மேலும் கீழும் இருக்கும் பக்கவாட்டுக் கைடுகள், பின் பேரிங்குகள் எல்லாவற்றையும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். கீழ்க் கைடை மறந்துவிட்டு டென்ஷன் ஏற்றினால் பிளேடு அதில் முட்டிக்கொண்டு நிற்கும், டிராக்கிங் என்ன செய்தாலும் நிலைக்காது. டென்ஷனைத் தளர்த்திப் பழைய பிளேடை எடுத்ததும் வீல்களின் ரப்பர் டயரைப் பாருங்கள். பிசினும் மரத்தூளும் சேர்ந்து இறுகிய மேடுகள் இருந்தால் கடினமான பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பிளேடைத் தூக்கிப் போடும். டயரில் விரிசலோ ஆழமான தடமோ விழுந்திருந்தால் எந்தப் பிளேடும் அதில் நடுவில் நிற்காது.

புதுப் பிளேடு மூன்று வளையமாகச் சுருட்டப்பட்டு வரும், கட்டை அவிழ்த்ததும் துள்ளும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒரு கை ஒரு வளையத்தை விடாமல் இருக்க, மெதுவாக விரிய விடுங்கள். கையுறை பிளேடைக் கையாளுவதற்கு மட்டும். மெஷின் ஓடும்போது போடக்கூடாது. டேபிள் பக்கத்தில் பற்கள் உங்களைப் பார்த்து, கீழ் நோக்கி இருக்க வேண்டும். எப்படிப் பிடித்தாலும் மேல் நோக்கியே இருந்தால் பிளேடு உள்வெளியாகப் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கையாலும் முறுக்கி உட்புறத்தை வெளியே கொண்டுவந்தால் சரியாகும். பிளேடு தவறானது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பலர், ஒரு முறுக்கில் தீரும் விஷயம் இது.

ஜாயின்ட்டின் முதுகுப் பக்கத்தை விரலால் அல்லாமல் ஒரு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். படி போல ஏற்ற இறக்கம் இருந்தால் ஓடும்போது ‘டிக் டிக்’ என்று பின் பேரிங்கில் அடிக்கும், முதுகிலிருந்து விரிசல் வரவும் அதுவே வழி. சிறிய படியாக இருந்தால் எண்ணெய்க்கல்லால் தேய்த்து மழுப்பிவிடலாம். பெரிய படி என்றால் மாட்ட வேண்டாம்.

மேல் வீலிலும் கீழ் வீலிலும் பிளேடை நடுவாக வைத்து, தொய்வு போகும் வரை ஏற்றி, வீலைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிளேடு விழாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு முழு டென்ஷனுக்குப் போங்கள். அதற்குப் பிறகுதான் டிராக்கிங். மேல் வீலைச் சாய்க்கும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, வீலை மூன்று சுற்று கையால் ஓட்டி, பிளேடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். உடனே பதில் சொல்லாது, சில சுற்று ஆகும். அவசரப்பட்டு அதிகம் திருப்பினால் அது மறுபக்கம் ஓடும். நடுவில் நின்றதும் பூட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே சாய்வு கொஞ்சம் மாறும், அதனால் மறுபடி பத்துச் சுற்று கையால் ஓட்டிச் சரிபாருங்கள். மெஷினை ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைத்து டிராக்கிங் செய்யவே கூடாது.

கைடு வைப்பதில்தான் உங்கள் இரண்டு நாள் மர்மம் ஒளிந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிளேடின் பற்கள் மாறி மாறி இடமும் வலமும் வளைக்கப்பட்டிருக்கின்றன. பிளேடின் உடம்பு 0.6 மி.மீ. என்றால் பல் நுனிகளின் மொத்த அகலம் 1 மி.மீ. இருக்கலாம். பக்கவாட்டுக் கைடு உடம்பைத் தொடும் தூரத்தில் இருப்பதால், அது பல் வரைக்கும் முன்னால் வந்துவிட்டால் வெளியே வளைந்த பல்லின் நுனியை நேராகத் தேய்க்கும். கைடின் முன்விளிம்பு பல்லிடைப் பள்ளத்துக்கு 0.8 முதல் 1 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். அங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். மரத்தைத் தள்ளும்போது பிளேடு பின்னால் நகர்ந்து பின் பேரிங்கில் சாயும். பேரிங் 1.5 மி.மீ. தள்ளி இருந்தால் பிளேடும் 1.5 மி.மீ. பின்வாங்கும், நீங்கள் விட்டுவைத்த 1 மி.மீ. காணாமல் போய்ப் பள்ளமும் பல்லடியும் கைடுக்குள் நுழையும், தொடர்ந்து தள்ளினால் பல்லும் நுழையும். சும்மா ஓடும்போது பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், அறுக்கும்போது மட்டும் உரசும். ஆகவே பின் பேரிங்குக்கும் முதுகுக்கும் நடுவே 0.2 முதல் 0.4 மி.மீ. மட்டும் விடுங்கள். சும்மா ஓடும்போது பேரிங் சுழலக்கூடாது, மரம் தொட்டதும் சுழல வேண்டும். பக்க இடைவெளிக்குச் சாதாரண எழுதும் தாள் ஒன்று போதும், அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ. பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே இரு பக்கமும் தாளைச் செருகி, பிளேடைத் தள்ளாமல் கைடைக் கொண்டுவந்து முட்டவைத்து இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். இதையே டேபிளுக்குக் கீழேயும் செய்யுங்கள். குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு விட்டுவிடும் இடம் அது, உரசல் பெரும்பாலும் அங்கேதான்.

மேல் கைடு அறுக்கும் மரத்துக்கு மேல் 5, 6 மி.மீ. உயரத்தில் நின்றால் போதும். கைடுகளுக்கு நடுவே பிளேடு நிற்கும் நீளம் குறையக் குறைய அது விறைப்பாக நிற்கும். அளவு தாண்டி டென்ஷன் ஏற்றிக் கிடைக்கும் நன்மையைவிட இது பெரியது, பிளேடுக்குச் செலவும் இல்லை.

வெட்டு வளைகிறது என்று பொதுவாகச் சொல்லாமல் எப்படி வளைகிறது என்று பிரித்துப் பாருங்கள். அறுத்த முகத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் கோட்டில் இருந்து, நடுவில் மட்டும் பீப்பாய் வயிறு போலத் தள்ளியிருந்தால் டென்ஷன் குறைவு, அல்லது தள்ளும் வேகம் அதிகம், அல்லது பல் நெருக்கமான பிளேடு. 150 மி.மீ. உயர மரத்தில் ஒரு இன்ச்சுக்கு 6 பல் பிளேடை விட்டால் ஒரே நேரத்தில் 35 பல் மரத்துக்குள் இருக்கும். தூளுக்குப் போக இடமில்லாமல் பள்ளம் அடைத்துக்கொள்ளும், பிளேடு வயிறு தள்ளும். அந்த உயரத்துக்கு ஒரு இன்ச்சுக்கு 3 பல் சரி. 25 மி.மீ. பலகைக்கு 6 பல் நன்றாக வேலை செய்யும். வெட்டு எப்போதும் ஒரே கோணத்தில் ஒரு பக்கம் போனால் டென்ஷன் காரணமே அல்ல. ஒரு பக்கப் பல் மழுங்கியிருக்கிறது, இல்லையென்றால் பிளேடு வீலின் நடுவில் ஓடாமல் திரும்பி நிற்கிறது. இடமும் வலமுமாக அலைந்தால் பல் முழுக்கவே தீர்ந்துவிட்டது. இந்த மூன்றில் பீப்பாய் வயிறுக்கு மட்டுமே டென்ஷன் மருந்தாகலாம், அதுவும் சில சமயம் மட்டும்.

வளைவான கோடு அறுப்பதாக இருந்தால் 12.5 மி.மீ. பிளேடு சுமார் 65 மி.மீ. ஆரம் வரைதான் திரும்பும், 6 மி.மீ. பிளேடு 16 மி.மீ. வரை. அதற்குள் வலிந்து திருப்பினால் பிளேடு முறுக்கிக் கைடுகளுக்கு நடுவே அறுந்துபோகும்.

புதுப் பிளேடின் முதல் அறுவையில் அவசரம் வேண்டாம். பல் நுனி ஊசி போல இருக்கும்போது முழு வேகத்தில் தள்ளினால் அது தேய்வதில்லை, பொடிப்பொடியாக உதிர்கிறது. இரும்பு அறுக்கும் பைமெட்டல் பிளேடில் இது மிகவும் முக்கியம்: ஓட்ட வேகத்தைக் குறைக்காமல், ஃபீடை, அதாவது பிளேடை இரும்புக்குள் செலுத்தும் வேகத்தை, மட்டும் பாதியாக வைத்து, முதல் 300 முதல் 600 சதுர செ.மீ. பரப்பை அறுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்துங்கள். ஒரே நிலையில் இறுக்கமாக நின்றால் டயரில் பள்ளம் விழும், ஸ்பிரிங் சோர்ந்துவிடும், சூடாக இருந்த பிளேடு ஆறும்போது சுருங்கி டென்ஷன் இன்னும் ஏறும். ஆனால் தளர்த்திய மெஷினை யாராவது தெரியாமல் ஓடவிட்டால் பிளேடு கழன்று வீலைச் சுற்றிக்கொள்ளும். எனவே ‘பிளேடு தளர்ந்திருக்கிறது’ என்று எழுதிய அட்டையை ஸ்விட்சின் மேலேயே மாட்டிவிடுங்கள். மெஷினின் பக்கவாட்டில் மாட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இரும்பு அறுக்கும் படுக்கை வகை பேண்ட் சாவில் பிளேடு வீல்களில் சாய்ந்து ஓடி, கைடு ரோலர்களில் 45 டிகிரி அளவுக்கு முறுக்கி நிமிர்கிறது. அங்கே வீலின் விளிம்பில் பிளேடின் முதுகு மெல்லத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும், அழுத்தி உரசினால் முதுகு வெடிக்கும். சுருள் தூளைத் துடைக்கும் கம்பி பிரஷ் பல்லிடைப் பள்ளத்தைத் தொட்டாக வேண்டும். அது தேய்ந்து போனதைக் கவனிக்காமல் பிளேடைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

ஹேக்ஸாவுக்குக் கணக்கு சுருக்கமானது. பல் கைப்பிடியை விட்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும், தள்ளும்போதுதான் அது அறுக்கிறது. மெல்லிய கம்பி போன்ற பிளேடு உள்ள ஃபிரெட் சாவில் பல் கைப்பிடியைப் பார்க்கும், இழுக்கும்போது அறுக்கும், ஏனென்றால் அந்த மெல்லிய பிளேடைத் தள்ளினால் மடங்கிவிடும். ஹேக்ஸா பிளேடை இரண்டு ஊசிகளிலும் மாட்டி, காது நட்டைத் தொய்வு போகும் வரை விரலால் திருகி, அதற்கு மேல் மூன்று சுற்று. பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குப் பிறகு ஊசித்துளைகள் அமர்ந்து கொஞ்சம் தளரும், மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். அதிகம் இறுக்கினால் துளையில் பிய்யும், தளர்வாக இருந்தால் நடுவில் வளைந்து ஒடியும். பாதி அறுத்த இடத்தில் பிளேடு உடைந்தால் அதே வெட்டுக்குள் புதுப் பிளேடை விடாதீர்கள். பழைய பிளேடின் பல் தேய்ந்து வெட்டு குறுகலாக இருக்கும், புதுப் பல் சிக்கி உடனே உடையும். மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பல்லின் எண்ணிக்கையும் ஹேக்ஸா பிளேடை உடைக்கிறது. எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். ஒரு இன்ச்சுக்கு 18 பல் என்றால் பல்லுக்குப் பல் 1.4 மி.மீ., ஆகவே 4.2 மி.மீ.க்குக் குறைந்த தகட்டை அது பிடித்து நொறுக்கும். 24 பல்லுக்கு 3.2 மி.மீ., 32 பல்லுக்கு 2.4 மி.மீ. அதற்கும் மெல்லிய தகடு என்றால் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே வைத்து மரத்தோடு சேர்த்து அறுங்கள், அல்லது பிளேடைச் சாய்வாகப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 40, 50 இழுப்பு போதும்.

சர்க்குலர் சாவில் நீங்கள் டென்ஷன் வைப்பதில்லை, ஆனால் டென்ஷன் பிளேடுக்குள்ளேயே இருக்கிறது. தட்டின் நடுப்பகுதியைச் சுத்தியாலோ ரோலராலோ அடித்து விரித்து, விளிம்பு இறுக்கமாக நிற்கும்படி செய்திருப்பார்கள். சுழல் வேகத்திலும் சூட்டிலும் விளிம்பு நீளும்போது அந்த இறுக்கம் அதை ஏந்திக்கொள்கிறது. மழுங்கிய பல்லால் தொடர்ந்து அறுத்து விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த உள் டென்ஷன் போய்விடும். பிளேடு அலையலையாக ஆடும். கூர் தீட்டினாலும் திரும்பாது, தட்டைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ஃப்ளேஞ்ச், அதாவது தண்டில் பிளேடை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டு. 50 மி.மீ. ஃப்ளேஞ்சின் ஓரத்தில் 0.1 மி.மீ. மரத்தூள் ஒட்டியிருந்தால், 250 மி.மீ. பிளேடின் விளிம்பில் மொத்தம் அரை மி.மீ. ஆட்டம். வெட்டு அகலமாகும், ஓரம் பிசிறடிக்கும், மோட்டார் திணறும். ஃப்ளேஞ்சின் இரு முகத்தையும் பிளேடின் நடுப்பகுதியையும் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். துளை தண்டைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் அளவான புஷ் (வளையம்) போடுங்கள், கண்மதிப்பில் நடுவாக வைத்து இறுக்கக் கூடாது. பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுழல் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பிளேடு அந்த மெஷினுக்கு இல்லை.

நட் கழலவில்லை என்றால் திசையைப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் பிளேடு அறுக்கும்போது எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதே பக்கம் ஸ்பேனரைத் திருப்பினால் நட் தளரும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும். ஓடும்போதும் தொடங்கும்போதும் நட் தானாக இறுகும்படிதான் மரை வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் கைப்பிடியில் குழாய் செருகி முழு பலத்தோடு இறுக்கத் தேவையில்லை. அப்படி இறுக்கினால் ஃப்ளேஞ்ச் வளையும். மாட்டி முடித்ததும் பிளேடைக் கையால் ஒரு சுற்று சுற்றி எதிலும் தட்டவில்லை என்று பார்த்து, காவல் மூடியைப் போட்டு, பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பிறகு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, நட்டில் ஸ்பேனர் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.